காக்கச் சொன்னதை மட்டும் காக்கும்: உறவுசார் தரவுத்தளத்தை அமைத்தல்

ஒரு சேவையகத்தில், அதாவது பல கணினிகளின் கோரிக்கைகளுக்கு இரவுபகலாக விடையளிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட கணினியில், உறவுசார் தரவுத்தள மென்பொருள் ஒன்றை நிறுவ இன்று சில நிமிடங்களே தேவைப்படுகின்றன. லினக்ஸ் இயங்குதள வகைகள் பலவற்றில் ஒரே ஒரு கட்டளையை இட்டால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மரியாடிபி போன்ற மென்பொருள் இணையத்திலிருந்து இறங்கி, தன் கோப்புகளை உரிய இடங்களில் வைத்து, தனக்கென ஒரு பயனர் கணக்கை ஏற்படுத்திக்கொண்டு, வினவல்களை எதிர்நோக்கி இயங்கத் தொடங்கிவிடுகிறது. கையேடுகளில் பலவும் இந்தக் கட்டத்தை விரிவாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. உண்மையான பணியோ இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உறவுசார் தரவுத்தளம், அறிவிக்கப்பட்ட விதிகளை விட்டுக்கொடுக்காமல் காக்கும் பொறி. அறிவிக்கப்படாத விதியை அது ஊகித்துக் காப்பதில்லை. எந்த முகவரியிலிருந்து வரும் அழைப்பை ஏற்பது, யாருக்கு எதைக் காட்டுவது, எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது, எந்த நேர வலயத்தில் காலத்தைக் கணக்கிடுவது என்று நிறுவுபவர் விடை சொல்லாமல் விட்ட ஒவ்வொரு கேள்விக்கும், மென்பொருளை எழுதியவர்கள் முன்கூட்டியே வைத்துவிட்ட இயல்பமைப்பே விடையாகிவிடுகிறது. அந்த விடை சிங்கப்பூரின் ஒரு குடியிருப்புப் பேட்டைக்கோ தமிழ்ப் பெயர்களின் பட்டியலுக்கோ பொருந்தியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

தரவை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்புகளையும் தரவாகவே எழுதிவிடலாம் என்ற எண்ணத்தை, ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். அதற்கு முந்தைய முறைகளில் ஒரு தகவலைத் தேடுபவர் அது வட்டில் எங்கே, எந்தக் கோப்பின் எந்தக் கிளையில் இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டியிருந்தது. காட் முன்வைத்த முறையில் எது வேண்டும் என்று சொன்னாலே போதும், எப்படித் தேடுவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அதே நிறுவனத்தில் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வடிவமைத்த வினவல் மொழியே இன்று எஸ்க்யூஎல் என்ற பெயரில் உலகெங்கும் வழங்குகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டம், பத்தாண்டுகளுக்குப் பின் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எனப் பெயர் பெற்று, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருளாக வளர்ந்தது. இந்த அத்தியாயத்தின் விளக்கங்கள் பெரும்பாலும் அதையே அடிப்படையாகக் கொண்டவை.

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ பேட்டையில் இயங்கும் ஒரு துணைப்பாட நிலையம் தன் மாணவர்களின் விவரங்களைச் சேவையகத்தில் வைக்க முற்படுவதாகக் கொள்ளலாம். அதற்கு முதலில் முகவரிகளுக்கான அட்டவணை வேண்டும். அட்டவணையில் குறுக்காகச் செல்லும் ஒவ்வொரு நிரையும் ஒரு முகவரியைக் குறிக்கும். நெடுக்காக நிற்கும் ஒவ்வொரு நிரலும் புளோக் எண், தெரு, அஞ்சல் குறியீடு என ஒரு பண்பைக் குறிக்கும். ஒரு நிரையை மற்ற எல்லா நிரைகளிலிருந்தும் ஐயமின்றிப் பிரித்துக் காட்டும் நிரலுக்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். இந்தப் பொறுப்புக்குச் சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடு மிகவும் பொருத்தமானதாகத் தோன்றும். 1995 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ஆறு இலக்கக் குறியீடு ஏறத்தாழ ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒன்றாக வழங்கப்பட்டுள்ளது. ஆங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய புளோக்குகளில் புளோக் எண்ணே குறியீட்டின் இறுதி மூன்று இலக்கங்களாக அமைகிறது: அவென்யூ 6இல் சந்தையும் உணவங்காடியும் உள்ள புளோக் 724இன் குறியீடு 560724, எண்ணோடு எழுத்தும் சேர்ந்துவரும் புளோக்குகளில் மூன்றாம் இலக்கம் அந்த எழுத்தைக் காட்டுவதால், 308பி என்ற புளோக் 562308 ஆகிறது.

இந்த ஒழுங்கைக் கண்டவர் புளோக் எண்ணிலிருந்தே குறியீட்டைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தால், பேட்டையின் எல்லையைத் தாண்டியதும் தடுமாறுவார். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலை 141ஆம் எண்ணில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலின் குறியீடு 218042. அதில் கதவு எண்ணின் சுவடே இல்லை. குறியீட்டை எண்ணாகச் சேமிப்பதும் பிழையாகும், ஏனெனில் மரினா பே சாண்ட்ஸின் 018956 போன்ற குறியீடுகளின் முன்னிருக்கும் சுழியத்தை எண் வகை நிரல் விழுங்கிவிடும். கூட்டவோ பெருக்கவோ போகாத இலக்கத் தொடரை உரையாகச் சேமிக்க வேண்டும் என்பதும், அது சரியாக ஆறு இலக்கம் கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அட்டவணையிலேயே எழுதிவிட வேண்டும் என்பதும் அமைப்பின் தொடக்கத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள். செயலியின் திரையில் மட்டும் சரிபார்ப்பை வைத்தால், வேறொரு வழியாக, வேறொரு ஊழியர் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும் தரவு அந்தச் சரிபார்ப்பைக் காணாமலே உள்ளே சென்றுவிடும்.

மாணவர் அட்டவணையில் முகவரியை மறுபடியும் எழுதாமல், முகவரி அட்டவணையின் திறவுகோலை மட்டும் எழுதிவைப்பதற்கு அயல் திறவுகோல் என்று பெயர். இல்லாத முகவரியைச் சுட்டும் மாணவர் நிரையைத் தரவுத்தளம் ஏற்க மறுத்துவிடும். இது அயல் திறவுகோலின் முதல் பயன். முகவரி நீக்கப்படும்போது என்ன செய்வது என்பதே அதைவிடக் கடினமான கேள்வி. 2022 ஏப்ரலில், ஆங் மோ கியோ அவென்யூ 3இல் உள்ள 562 முதல் 565 வரையிலான நான்கு புளோக்குகள், தேர்ந்தெடுத்த புளோக்குகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு குடியிருப்பாளர்களுக்கு மாற்று வீடு வழங்கும் சேர்ஸ் திட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 606 வீடுகள் இருந்தன. இத்தகைய புளோக் ஒன்று இடிக்கப்பட்ட பிறகு யாரேனும் அதன் நிரையை அழிக்க முயன்றால், தரவுத்தளத்தின்முன் முக்கியமான இரு வழிகள் உள்ளன. அந்த முகவரியைச் சுட்டும் மாணவர் ஒருவரேனும் இருக்கும்வரை அழிப்பைத் தடுப்பது ஒன்று. முகவரியோடு சேர்த்து அதைச் சுட்டும் மாணவர் நிரைகளையும் தொடர்ச்சியாக அழித்துவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழி வசதியாகத் தோன்றினாலும், ஒரு கட்டடத்தின் மறைவு அங்கே வாழ்ந்த பிள்ளைகளின் கல்விப் பதிவுகளை அழித்துவிடக் கூடாது என்பதால், தடுக்கும் வழியே ஏற்கத்தக்கது. முகவரியை அழிப்பதைவிட, அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லுபடியாகும் என்று காட்டும் இரு நிரல்களைச் சேர்ப்பது சிறந்தது.

மாணவரை அடையாளம் காண என்.ஆர்.ஐ.சி. எனப்படும் தேசிய அடையாள அட்டை எண்ணையே முதன்மைத் திறவுகோலாக வைக்கும் பழக்கம் சிங்கப்பூரில் நெடுங்காலம் இருந்தது. அந்த எண்ணுக்குள்ளேயே பிழைகாட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு: ஏழு இலக்கங்களையும் குறித்த எடைகளால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து இறுதி எழுத்து பெறப்படுகிறது. தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினால் அந்த எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஆயினும், சட்டத்தால் கோரப்படாத, ஒருவரின் அடையாளத்தை மிக உறுதியாக நிலைநாட்ட வேண்டிய தேவையும் இல்லாத இடங்களில் நிறுவனங்கள் இந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் வரையறுத்துள்ளது. அரசின் வணிகப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலின் தேடலில் முழு அடையாள எண்களும் வெளித்தெரிந்ததை ஒட்டி 2024 டிசம்பரில் எழுந்த விவாதத்தில், அந்த எண் ஒருவர் யார் என்று காட்டுவதற்கானதே, கடவுச்சொல்லாகப் பயன்படுவதற்கானதன்று என்ற நிலைப்பாட்டை அரசு வலியுறுத்தியது. தரவுத்தள வடிவமைப்புக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி தெளிவானது: திறவுகோல் எல்லா அயல் அட்டவணைகளிலும் நகலெடுக்கப்படுவதால், ஒளித்துவைக்க வேண்டிய எதையும் திறவுகோலாக்கக் கூடாது, தரவுத்தளமே வரிசையாக வழங்கும், வெளியுலகில் எந்தப் பொருளும் இல்லாத எண்ணே பாதுகாப்பானது.

பெயர் நிரல் இன்னும் நுட்பமானது. முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு நிரல்களை வைத்து இரண்டும் கட்டாயம் என்று அறிவிக்கும் வார்ப்புருக்கள் மேற்குலகின் வழக்கத்திலிருந்து வந்தவை. சிங்கப்பூர்த் தமிழர் பலரின் அடையாள அட்டையில் தம் பெயரும், மகன் அல்லது மகள் என்பதைக் குறிக்கும் சுருக்கமும், தந்தையின் பெயரும் வருகின்றன. மலாய்க்காரரின் பெயரில் பின் அல்லது பின்தே வருகிறது. சீனரின் பெயரில் குடும்பப் பெயர் முதலில் நிற்கிறது. இந்த மூன்றையும் இரு பெட்டிகளுக்குள் திணித்தால் யாரோ ஒருவரின் தந்தை அவருடைய குடும்பப் பெயராகிவிடுகிறார். முழுப் பெயருக்கு ஒரே நிரலும், அழைக்கும் பெயருக்கு மற்றொரு நிரலும் வைப்பதே நேர்மையான தீர்வு.

பெயரைத் தமிழிலும் சேமிப்பதென்றால், தரவுத்தளத்தை உருவாக்கும் கணத்திலேயே இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். முதலாவது எழுத்துக் குறியாக்கம், அதாவது எந்த எழுத்தை எந்த எண்ணாகச் சேமிப்பது என்ற உடன்பாடு. யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடத்தைக் கொள்கிறது. எனவே க என்ற எழுத்துக்கு மூன்று பைட்டும், அதோடு ஓகாரக் குறி சேர்ந்த கோ என்ற எழுத்துக்கு ஆறு பைட்டும் தேவை. மைஎஸ்க்யூஎல் மென்பொருளில் யுடிஎஃப்-8 என்ற பெயரிலேயே நெடுங்காலம் வழங்கிய குறியாக்கம் மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழுக்கு அது போதுமானதாக இருந்தாலும், சீனப் பெயர்களில் வரும் அரிய எழுத்துகள் சிலவற்றுக்கு நான்கு பைட் தேவைப்படுவதால், தமிழரும் சீனரும் ஒரே வகுப்பில் பயிலும் நாட்டில் அது குறையுள்ள தேர்வே ஆகும். நான்கு பைட் குறியாக்கம் அந்த மென்பொருளில் இயல்பமைப்பானது 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான்.

குறியாக்கம் சரியாக இருந்தாலும் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கோமதி என்ற பெயரின் முதலெழுத்தைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ ஒன்று இரண்டு குறிகள், மற்றொன்று மூன்று குறிகள். ஒரு விசைப்பலகையில் பதிவான கோமதியை இன்னொரு விசைப்பலகையில் தேடும் ஊழியருக்கு அப்படி ஒருவர் இல்லை என்ற விடை கிடைக்கும். ஒரே மாணவி இருமுறை பதிவாவதையும், ஒரு மதிப்பு ஒரு நிரலில் ஒருமுறையே வரலாம் என்னும் தனித்தன்மைக் கட்டுப்பாடு தடுக்காது. இரு வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு இயல்பாக்கம் என்று பெயர். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2020இல் வெளிவந்த 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கான செயற்கூற்றைத் தருகிறது. இயல்பாக்கப்படாத பெயரை ஏற்க மாட்டேன் என்ற கட்டுப்பாட்டை நிரலிலேயே எழுதிவிடுவது தமிழ்த் தரவுத்தளம் எதற்கும் இன்றியமையாதது. இது மிக அரிதாகவே செய்யப்படுகிறது என்பது வருந்தத்தக்கது.

இரண்டாவது முடிவு அகரவரிசை. கனகா, கவிதா என்ற இரு பெயர்களைத் தமிழ் அகராதியின் முறைப்படி அடுக்கினால், வகரத்துக்குப் பின்னரே னகரம் வருவதால் கவிதா முன்னே நிற்க வேண்டும். யுனிகோட் எண்களின் வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டிருப்பதால் கனகா முந்திக்கொள்கிறாள். அதே வரிசையில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே வந்துவிடுகிறது. மெய்யெழுத்துகள் தத்தம் உயிர்மெய்களுக்குப் பின்னே தள்ளப்படுகின்றன. எழுத்துகளை அடுக்கும் ஒழுங்குமுறை எதையும் குறிப்பிடாமல், வெறும் குறியெண் வரிசையில் உருவாக்கிய தரவுத்தளம் இந்த வரிசையையே பட்டியலில் அச்சிடும். ஐசியு என்னும் பன்மொழி நூலகத்தின் தமிழ் ஒழுங்குமுறையைத் தேர்ந்தால் பட்டியல் தமிழ் மரபுக்கு வந்துவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎலின் 2022இல் வெளியான 15ஆம் பதிப்பு முதல் அதை முழுத் தரவுத்தளத்துக்கும் பொதுவாக அமைக்கவும் முடிகிறது. குறியாக்கமும் ஒழுங்குமுறையும் உருவாக்கும்போதே நிலைத்துவிடுகின்றன. பின்னாளில் மாற்ற விரும்பினால், பொதுவாகத் தரவு முழுவதையும் வெளியே எடுத்துப் புதிய தரவுத்தளத்தில் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். ஒழுங்குமுறை வெறும் அழகுக்கானதும் அன்று. தேடலை விரைவுபடுத்தும் சுட்டெண்கள் அந்த வரிசையை நம்பியே கட்டப்படுகின்றன. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2018இல் தன் 2.28 பதிப்பில் ஒழுங்குமுறைகளை மாற்றியபோது, இயங்குதளத்தைப் புதுப்பித்த பல சேவையகங்களில் பழைய சுட்டெண்கள் பொருந்தாமல் போய், இருக்கும் நிரைகளையே இல்லை என்று சொல்லும் நிலை உருவாயிற்று.

நேர வலயமும் இதே வகையைச் சேர்ந்தது. சிங்கப்பூரின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருப்பதால், கூட்டல் எட்டு என்று எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் 1981 இறுதிவரை சிங்கப்பூர் ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் இரவு பதினொன்றரை மணியானதும் கடிகாரங்கள் நேராக 1982ஆம் ஆண்டின் முதல் நொடிக்கு நகர்த்தப்பட்டன. ஆசியா/சிங்கப்பூர் என்று வலயத்தின் பெயரைக் கொடுத்தால் இந்த வரலாற்றை அறிந்த பொது அட்டவணையைத் தரவுத்தளம் பயன்படுத்திக்கொள்ளும். எண்ணை மட்டும் கொடுத்தால் 1982க்குச் சற்று முந்தைய பதிவுகள் அரை மணி நேரம் பிசகும்.

வலையமைப்புக்கு வரும்போது ஆபத்தின் அளவு மாறிவிடுகிறது. நிறுவப்பட்டவுடன் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தான் இருக்கும் கணினியிலிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே, 5432 என்ற போர்ட்டில், அதாவது ஒரு கணினிக்குள் குறித்த சேவையைச் சென்றடைவதற்கான நுழைவெண்ணில், ஏற்றுக்கொள்கிறது. வேறு கணினியிலிருந்து இணைய முயன்று தோல்வியுறும் ஊழியர், அமைப்புக் கோப்பில் சேவையகத்தின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் அழைப்பை எதிர்நோக்கலாம் என்று பொருள்படும் உடுக்குறியை இட்டு, நுழைவு அனுமதிக் கோப்பில் எல்லா முகவரிகளையும் அனுமதித்து, வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் தீயரணிலும் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டால் இணைப்பு உடனே கிடைத்துவிடும். அவருக்குக் கிடைத்த இணைப்பு உலகில் எவருக்கும் கிடைக்கும். இணையத்தின் முகவரிகள் அனைத்தையும் இடைவிடாது தட்டிப்பார்க்கும் மென்பொருள்கள் இயங்கிக்கொண்டே இருப்பதால், திறந்த போர்ட் ஒன்று கண்டறியப்படுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை.

2019இல் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு நேர்ந்தது ஏறத்தாழ இத்தகையது. ஆணையத்துக்குச் சேவை வழங்கிய ஒப்பந்த நிறுவனம் ஒன்று, மேம்படுத்தலுக்கும் சோதனைக்குமாகத் தரப்பட்ட 808,201 இரத்த தானம் செய்வோரின் பதிவுகளை, போதிய காப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இணையத்தை நோக்கித் திறந்திருந்த சேவையகத்தில் ஜனவரி 4இல் வைத்தது. பெயர், அடையாள எண், பாலினம், தானம் செய்த தடவைகளின் எண்ணிக்கை, கடைசி மூன்று தானங்களின் தேதிகள் ஆகியவையும், சிலருக்கு இரத்த வகை, உயரம், எடை ஆகியவையும் அதில் இருந்தன. மார்ச் 13இல் வெளிநாட்டு இணையப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் தெரியப்படுத்தும்வரை அது அப்படியே கிடந்தது. இந்நிகழ்வில் இரு பிழைகள் பின்னிக் கிடக்கின்றன. சேவையகம் திறந்திருந்தது ஒன்று; சோதனைக்கு உண்மையான மனிதர்களின் தரவு பயன்பட்டது மற்றொன்று. முதலாவதை எல்லோரும் கண்டிக்கிறார்கள். இரண்டாவது இன்றும் பல அலுவலகங்களில் இயல்பாக நடக்கிறது. சோதனைத் தளத்தில் கற்பனைப் பெயர்களும் கற்பனை எண்களும் மட்டுமே இருந்திருந்தால், திறந்த கதவின் வழியே வெளியேறக்கூடியது எதுவும் இருந்திராது.

கதவை மூடிய பிறகு, உள்ளே வருபவருக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்ற கேள்வி வருகிறது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பயனரும் பாத்திரம் எனப்படும் கணக்கின் மூலம் செயல்படுகிறார். எந்தப் பாத்திரம் எந்த அட்டவணையைப் படிக்கலாம், எதில் எழுதலாம், எதை அழிக்கலாம் என்று தனித்தனியே வழங்கலாம். எந்தப் பாத்திரம் எந்த முகவரியிலிருந்து எந்தச் சான்றுமுறையில் நுழையலாம் என்பது வேறொரு கோப்பில் வரிவரியாக எழுதப்படுகிறது. வருகைப்பதிவு எடுக்கும் செயலிக்கு மாணவரின் பெயரும் வகுப்பும் போதும். பெற்றோரின் தொலைபேசி எண்ணோ கட்டண நிலுவையோ அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான செயலிகள் தரவுத்தளத்தின் தலைமைக் கணக்கிலேயே இணைக்கப்படுகின்றன, ஏனெனில் அப்போது அனுமதி மறுப்பு எதுவும் எழுவதில்லை.

சிங்கப்பூர் கண்ட மிகப் பெரிய தரவுத் திருட்டை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் நோயாளித் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேரின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த தேதி முதலியன வெளியே எடுக்கப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 1,59,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் பதிவுகள் குறிவைத்துத் தேடப்பட்டன. ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2019 ஜனவரி 10இல் வெளியிட்ட அறிக்கை, தாக்கியவர்களின் திறமையை மறைக்கவில்லை. ஆயினும் தடுத்திருக்கக்கூடிய குறைகளைப் பொறுமையாக எடுத்துக்காட்டியது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் இடைநிலைச் சேவையகங்களுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே வலையமைப்பு இணைப்பு திறந்திருந்தது. அச்சேவையகங்களில் இருந்த ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், பாஸ்வர்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் குறியாகவும் மற்றோர் எழுத்தைச் சுழியமாகவும் மாற்றியது மட்டுமே. ஒரே வினவலில் பெருந்தொகையான நிரைகளைக் கேட்பதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடும் தரவுத்தளத்தில் இல்லை.

இறுதிக் குறை ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. மருத்துவர் ஒருவர் ஒரு நோயாளியின் பதிவைக் கேட்பதும், ஊடுருவியவர் லட்சம் நோயாளிகளின் பதிவைக் கேட்பதும் எஸ்க்யூஎல் மொழியில் ஒரே வடிவான வாக்கியங்கள். இரண்டுக்கும் ஒரே அனுமதி இருந்தால் தரவுத்தளம் இரண்டையும் ஒரே முனைப்போடு நிறைவேற்றும். வேறுபாட்டைக் கண்டது மனிதக் கண்தான்: ஜூலை 4இல், சிங்ஹெல்த்தின் தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்தின் தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான வினவல்களைக் கவனித்து அவற்றை நிறுத்தினார். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் தண்டம் விதித்தது. ஒரு வினவல் எத்தனை நிரைகளைத் திருப்பித் தரலாம், எவ்வளவு நேரம் ஓடலாம், எந்த அளவைத் தாண்டினால் யாருக்கு எச்சரிக்கை செல்ல வேண்டும் என்பதை நிறுவும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். தாக்குதலின் நடுவே இவற்றை எழுதப் புகுவது இயலாத காரியம்.

எழுதப்பட்டது நிலைத்திருக்கும் என்ற உறுதி எவ்வாறு பெறப்படுகிறது என்பதும் அமைப்பவர் அறிந்திருக்க வேண்டியதே. ஒன்றாக நிறைவேற வேண்டிய மாற்றங்களின் தொகுதிக்குப் பரிவர்த்தனை என்று பெயர். கட்டணம் பெற்றதைப் பதிவதும் நிலுவையைக் குறைப்பதும் இரண்டுமே நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டில், கிட்டங்கி எனப்பட்ட வணிகக் கூடங்களில் தொழில் செய்த செட்டியார்கள் கொடுக்கல் வாங்கலை அன்றன்றே குறிப்பில் பதிந்துகொண்டு, பின்னர் பேரேட்டில் உரிய கணக்குகளில் ஏற்றியதைப்போல, தரவுத்தளமும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் முற்பதிவுக் கோப்பில் வரிசையாக எழுதி, அது வட்டில் உறுதியாகப் பதிந்த பின்னரே நிறைவேறிற்று என்று அறிவிக்கிறது; அட்டவணைக் கோப்புகளை ஆறுதலாகப் பின்னர் திருத்திக்கொள்கிறது. மின்சாரம் நின்றுபோனால் முற்பதிவைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. வேகம் வேண்டி, வட்டில் பதியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அமைப்பை மாற்றச் சொல்லும் அறிவுரைகள் உண்டு. அவற்றைப் பின்பற்றினால் இந்த உறுதி போய்விடும். நினைவக ஒதுக்கீட்டை உயர்த்துவது அதைவிட நல்ல வழி: படித்த தரவை நினைவகத்தில் வைத்திருக்கும், போஸ்ட்கிரெஸ்க்யூஎலில் இயல்பமைப்பாக 128 மெகாபைட்டாக இருக்கும் பொது இடையகத்தை, தரவுத்தளத்துக்கென்றே உள்ள சேவையகத்தில், மொத்த நினைவகத்தின் கால்பங்குவரை தொடக்கத்திலேயே உயர்த்தலாம்.

முற்பதிவு மின்தடையிலிருந்து காக்கும். தவறான கட்டளையிலிருந்து காக்காது. 2017 ஜனவரி 31இல், கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இரண்டாம்நிலைச் சேவையகம் என்று எண்ணி, முதன்மைச் சேவையகத்தின் தரவுக் கோப்புறையை அழித்தார். காப்புநகல் எடுக்கும் முறைகள் பல இருந்தும் அந்நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை: நகலெடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் நகல்கள் உருவாகவே இல்லை, தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்கள் யாரையும் சென்றடையவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு பணிக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த நகல் ஒன்றே மிச்சத்தைக் காத்தது. 2023 அக்டோபர் 14இல் சிங்கப்பூரின் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டல் பழுதடைந்தபோது, டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளும் தத்தம் மாற்று மையங்களுக்கு மாற முயன்றும், ஒன்றில் வலையமைப்பு அமைப்புப் பிழையும் மற்றொன்றில் இணைப்புச் சிக்கலும் குறுக்கிட்டதால், சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. மாற்று ஏற்பாடு இருவரிடமும் இருந்தது; அதன் குறைகள் அன்றுதான் வெளிப்பட்டன.

ஆகவே, துணைப்பாட நிலையத்தின் சிறிய தரவுத்தளமேயானாலும், இரவுதோறும் எடுக்கும் நகலை வேறொரு கட்டடத்தில் வைப்பதோடு, மாதம் ஒருமுறையேனும் வெற்றுச் சேவையகம் ஒன்றில் அதை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்ட தளத்தில் நிரைகளின் எண்ணிக்கை ஒத்துவருகிறதா, அயல் திறவுகோல்கள் நிற்கின்றனவா, கவிதா கனகாவுக்கு முன்னே வருகிறாளா, இரு வடிவக் கோமதியும் ஒரே விடையைத் தருகிறார்களா என்று வினவிச் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎலில் ஒரு தரவுத்தளத்தை மட்டும் நகலெடுக்கும் வழக்கமான கருவி அட்டவணைகளையும் அவற்றின் கட்டுப்பாடுகளையும் எடுத்துக்கொள்ளுமே தவிர, சேவையகம் முழுமைக்கும் பொதுவான பாத்திரங்களையும் அவற்றின் கடவுச்சொற்களையும் எடுப்பதில்லை. அவற்றைத் தனிக் கட்டளையால் வேறொரு கோப்பாக எடுக்க வேண்டும். மீட்கும்போது அந்தக் கோப்பையே முதலில் ஏற்ற வேண்டும்.